மெஸ், டிபன் கடைக்கு எந்த அடுப்பு? கேஸ், இண்டக்‌ஷன், விறகு, கழிவு எரிவாயு: ஓர் ஒப்பீடு

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி 19 கிலோ சிலிண்டரின் விலை மாறுகிறது. ஐம்பது ரூபாய் ஏறிவிட்டது என்பதற்காக மறுநாளே இட்லி விலையை ஏற்றிவிட முடியாது. “இண்டக்‌ஷனுக்கு மாறிவிடலாமா?”, “விறகே தேவலையா?”, “மிச்சச் சோற்றிலிருந்து கேஸ் எடுக்கலாம் என்கிறார்களே, நடக்குமா?” என்று கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பூமி சூடாவதில் நம் கடையின் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறையும் இப்போது பலருக்கு வந்திருக்கிறது. அது நல்ல அக்கறை.

பணத்தை மிச்சம் பிடிப்பதும் புகையைக் குறைப்பதும் ஒரே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சில இடங்களில் ஒன்றாகப் போகிறது, சில இடங்களில் எதிரெதிராக நிற்கிறது. நாளைக்கு 100 முதல் 250 பேர் சாப்பிடும் கடையை மனதில் வைத்து நான்கு வழிகளையும் இங்கே எடை போடுகிறோம். கணக்குக்காக கேஸ் கிலோ 100 ரூபாய், கடை மின்சாரம் யூனிட் 10 ரூபாய், காய்ந்த விறகு கிலோ 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். உங்கள் ரசீதில் உள்ள விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

பாத்திரத்துக்குள் இறங்கும் சூட்டின் விலை. சிலிண்டர் விலையையும் மின்சார யூனிட் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரு கிலோ கேஸில், மின்சார யூனிட்டிலேயே அளந்தால், ஏறத்தாழ 12.7 யூனிட் சூடு இருக்கிறது. அதில் பாதி அண்டாவைச் சுற்றி மேலே போய்விட்டால் உங்களுக்குக் கிடைப்பது 6.35 யூனிட்தான். உள்ளே இறங்கிய சூட்டை மட்டும் “பயன் யூனிட்” என்று இங்கே குறிப்பிடுகிறோம்.

கரியமில வாயு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ. மின்சாரத்துக்கு, மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நாட்டின் சராசரி யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ, ஏனென்றால் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

அடுப்படியில் நிற்பவரின் உடம்பு. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே நான்கு பர்னர் நடுவில் நிற்கும் மாஸ்டருக்கு அந்தப் பேரிடர் தினசரி நடக்கிறது. இதைச் செலவுக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு அரைகுறை.

கிடைக்காத நாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. அன்று எந்த அடுப்பு எரியும் என்பதும் ஓர் அளவுகோல்.

மறைவுச் செலவு. பாத்திரம், ஒயரிங், இடம், ஓர் ஆளின் நேரம், கழிவு போகும் வழி. விற்பவர் சொல்லும் விலையில் இவை இருப்பதில்லை.

| | கேஸ் | இண்டக்‌ஷன் | விறகு, புகைபோக்கி அடுப்பு | கழிவு எரிவாயு |
|---|---|---|---|---|
| பாத்திரத்துக்குள் சேரும் சூடு | 35–60% | சுமார் 85% | சுமார் 30% (திறந்த அடுப்பில் 15%) | சுமார் 50% |
| பயன் யூனிட் விலை | ரூ. 13–22 | ரூ. 12 | ரூ. 6 (திறந்த அடுப்பில் 12) | எரிபொருள் இலவசம். தொட்டியும் ஆளும் செலவு |
| பயன் யூனிட்டுக்குக் கரியமில வாயு | 0.4–0.67 கிலோ | 0.8 கிலோ, சூரிய மின்சாரத்தில் மிகக் குறைவு | மரம் மீண்டும் வளர்ந்தால் குறைவு, கரிப்புகை தனி | கசியாவிட்டால் மிகக் குறைவு |
| சமையலறைச் சூடு | அதிகம் | மிகக் குறைவு | மிக அதிகம் | அதிகம் |
| கரண்டு இல்லாத நாள் | எரியும் | எரியாது | எரியும் | எரியும் |
| பொருந்தாதவை | – | அலுமினியம், பித்தளை, வளைந்த கடாய் | மாடிக் கடை, நெருக்கமான தெரு | வெளிவரும் கரைசலை விடச் சாய்க்கடை தவிர வேறு வழியில்லாத இடம் |

## கேஸ்: மாற்றும் முன் சரிசெய்யுங்கள்

அட்டவணையில் கேஸுக்கு 13 முதல் 22 ரூபாய் வரை என்று போட்டிருக்கிறோம். இவ்வளவு இடைவெளி வேறு எந்த அடுப்புக்கும் இல்லை. 22இல் இருக்கும் கடை 13க்கு வந்துவிட்டால், இண்டக்‌ஷனுக்கு மாறுவதால் கிடைப்பதில் பெரும்பகுதி மாறாமலே கிடைத்துவிடும். அதனால் முதலில் உங்கள் அடுப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சோதனை எளிது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சிலிண்டரை மின்னணுத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான அண்டாவில் 40 லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, அந்தச் சிலிண்டரில் அந்த ஒரு பர்னரை மட்டும் எரித்துத் தளதளவென்று கொதி வந்ததும் அணைத்து, மறுபடி நிறுங்கள். 430 கிராம் குறைந்திருந்தால் அடுப்பு நன்றாக வேலை செய்கிறது, அதாவது 60 சதவீதம். 510 என்றால் பாதி. 730 கிராம் என்றால் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போகிறது. மீதி மாஸ்டரின் முகத்துக்குப் போகிறது.

வீணாவது எங்கே என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். தீ நாக்கு அண்டாவின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால் பர்னர் பெரிது, பாத்திரம் சிறிது. நுனி மஞ்சளாக இருந்து அடியில் கரி பிடித்தால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது ஜெட்டின் (பர்னருக்குள் கேஸை விடும் சிறு பித்தளை மூக்கின்) துளை பெருத்துவிட்டது. அடைத்த ஜெட்டைப் பலரும் ஊசியால், கம்பியால் குத்துகிறார்கள். பித்தளை மென்மையானது, நாலு முறை குத்தினால் துளை அகன்றுவிடும், பிறகு அது எப்போதும் கூடுதல் கேஸைத்தான் விடும். ஜெட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதி எடுங்கள். பெருத்திருந்தால் புதிது மாற்றுங்கள். அதன் விலையை ஒரு நாள் கேஸே கொடுத்துவிடும்.

இன்னொரு இழப்பு சிலிண்டருக்குள்ளேயே கிடக்கிறது. ஒரே சிலிண்டரில் மூன்று பெரிய பர்னர் ஓடினால், உள்ளே இருக்கும் திரவம் அந்த வேகத்துக்கு ஆவியாக முடியாமல் குளிர்ந்துபோகும். சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்க்கும், பிறகு வெண்பனி படரும், தீ தணியும். காலியாகிவிட்டது என்று கழற்றி அனுப்பும் சிலிண்டரில் ஒன்றிரண்டு கிலோ மிச்சம் போகிறது. வெந்நீர் ஊற்றுவதும் சிலிண்டரைப் படுக்கப் போடுவதும் ஆபத்து. படுத்த சிலிண்டரிலிருந்து திரவமே குழாய்க்குள் வந்துவிடும். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து ஒரே குழாயில் இணைப்பதுதான் தீர்வு. உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் எல்.பி.ஜி. வைத்திருக்கக் கூடாது என்பதால் 19 கிலோ சிலிண்டர் ஐந்தோடு நிறுத்துங்கள். வந்திறங்கும் சிலிண்டரையும் நிறுத்து வாங்குங்கள். வெற்று எடை அதன் மேலேயே பொறித்திருக்கும்.

அடுத்தது மூடி. கொதித்து ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஏறத்தாழ 100 கிராம் கேஸைக் கொண்டுபோகிறது, அதாவது பத்து ரூபாய். திறந்து கிடக்கும் சாம்பார் அண்டாவில் காலையில் ஐந்து லிட்டர் வற்றினால் ஐம்பது ரூபாய் கூரை வழியாகப் போயிற்று. பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, இட்லிக் கொப்பரையில் ஆவிக்கு வேண்டிய அளவு மட்டும் தண்ணீர் வைப்பது: இவற்றுக்கு முதலீடு என்று எதுவும் இல்லை.

கேஸின் மறைவுச் செலவு வரி. வணிக சிலிண்டருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; 5 சதவீத வரியில் ஓடும் உணவகம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. இதற்குப் பயந்து வீட்டுச் சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது 2000ஆம் ஆண்டு எல்.பி.ஜி. ஆணைப்படி குற்றம். பிடிபட்டால் சிலிண்டர் போவதோடு நிற்காது.

யாருக்கு: பரோட்டா, தோசை, வறுவல் என்று அடுக்கடுக்காகத் தீயை ஏற்றி இறக்க வேண்டிய கடைக்கும், வாடகை ஒப்பந்தம் ஒரு வருடமே மிச்சமிருக்கும் கடைக்கும்.

## இண்டக்‌ஷன்: எல்லாப் பாத்திரத்துக்கும் அல்ல

மாதம் 12 சிலிண்டர் எரிக்கும் மெஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 7.6 கிலோ. அடுப்பு 50 சதவீதத்தில் இருந்தால் பாத்திரத்துக்குள் 48 யூனிட் இறங்குகிறது. அதில் பாதியை, அதாவது சோறு, பருப்பு, பால், வெந்நீர் ஆகியவற்றை இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் நாளைக்கு 28 யூனிட் மின்சாரம் ஆகும். 380 ரூபாய் கேஸுக்குப் பதில் 280 ரூபாய் கரண்டு. மாதம் 3,000 ரூபாய் மிச்சம்.

இதிலிருந்து கழிக்க வேண்டியது இருக்கிறது. 3.5 கிலோவாட் அடுப்பு இரண்டு போட்டால் அனுமதி பெற்ற மின்சுமையை 7 கிலோவாட் கூட்ட வேண்டும். அதற்கு வைப்புத் தொகை கட்ட வேண்டும், பிறகு கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம், அடுப்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும். மாதம் 700 ரூபாய் அதில் போனால் மிச்சம் 2,300. அடுப்பு, பாத்திரம், ஒயரிங் எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் ஆனால் போட்ட பணம் திரும்ப 26 மாதம். மோசமில்லை. ஆனால் கேஸ் அடுப்பைச் சரிசெய்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்த கடைக்கு அந்த மிச்சமே பெரும்பாலும் கரைந்துவிடும்.

கரியமில வாயுவில்தான் பலருக்கு அதிர்ச்சி. அந்த 28 யூனிட்டுக்கு நாளைக்கு ஏறத்தாழ 20 கிலோ வெளியாகிறது. அது ஈடுசெய்த 3.8 கிலோ கேஸுக்கு 11 கிலோதான். வெறுமனே கேஸிலிருந்து கரண்டுக்கு மாறியதற்காக “பசுமைக் கடை” என்று பலகை வைத்தால் அது உண்மையாகாது. கூரையில் சூரியத் தகடு இருந்தால் கதை மாறும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 28 யூனிட்டுக்கு 7 கிலோவாட், நிழல் விழாத 700 சதுர அடி கூரை. பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், கடைக்கு இல்லை. இட்லி வேகும் விடியற்காலை ஐந்து மணிக்கு வெயிலும் இல்லை. ஆகவே பகலில் தயாராகும் மின்சாரத்தை வாரியம் எந்தக் கணக்கில் ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிய பிறகே தகட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

அப்படியென்றால் இண்டக்‌ஷனை ஏன் பேச வேண்டும்? சமையலறைக்காக. சூடு பாத்திரத்தின் அடியிலேயே பிறப்பதால் வெளியே வீணாவது மிகக் குறைவு. அடைத்த அறையில், முதல் தளத்தில், காற்றோட்டம் செய்ய வழியில்லாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இது உடம்பைக் காப்பாற்றும் விஷயம்.

கெட்டுப்போகும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். 3.5 கிலோவாட் அடுப்பு 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கணக்கில் ஓட்டினால் பிளக் பழுத்து உருகும். ஒவ்வோர் அடுப்புக்கும் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி. (சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்), தொழிற்சாலை வகை சாக்கெட். 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மூன்று பேஸ் இணைப்பு இருப்பது நல்லது. பாத்திரத்தின் அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாதது சூடாகாது. கடைகளில் இருக்கும் அலுமினிய அண்டாவும் பித்தளைத் தவலையும் பெரும்பாலான எவர்சில்வர் குண்டாக்களும் இதில் தோற்றுவிடும். இரும்புத் தோசைக்கல் சூடாகும், ஆனால் சுருள் இருக்கும் வட்டத்தில் கருகி ஓரத்தில் வேகாது. அடுப்பின் அடியில் உள்ள விசிறி மாவுத் தூளையும் எண்ணெய்ப் புகையையும் உள்ளே இழுத்துச் சர்க்யூட்டில் பூசும். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள், பின்புறம் ஒரு சாண் இடம் விடுங்கள், வறுவல் கடாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

யாருக்கு: டீ, பால், சோறு, பருப்பு, கூழ் என்று நீரில் வேகும் வேலை அதிகமுள்ள, காற்றோட்டம் குறைந்த கடைக்கு. ஒரு கேஸ் பர்னரும் முழு சிலிண்டர் ஒன்றும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

## விறகு: மலிவு, ஆனால் யாருடைய மூச்சில்?

பணக் கணக்கில் இதை வெல்ல எதுவும் இல்லை. சீமைக்கருவேலமும் சவுக்கும் எளிதில் கிடைக்கிற மாவட்டங்களில் கடைக்காரர்கள் விறகை விடாததற்குக் காரணம் இருக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் சீமைக்கருவேலத்தை எரிப்பதில் காட்டை அழித்த பாவம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் புகையில் போகும் கரித்துகள் பூமியைச் சூடாக்குவதில் தனிப் பங்கு வகிக்கிறது, அதற்கு முன்பாகவே அடுப்படியில் இருப்பவரின் நெஞ்சில் போய்ச் சேருகிறது. புகைபோக்கி இல்லாத அடுப்பை எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

நல்ல அடுப்பு என்றால் காற்று வர அடியில் சல்லடை, தீ அண்டாவின் அடியைத் தழுவிப் போகும்படி குறுகிய இடைவெளி, கூரை முகட்டுக்கு மேல் மூன்றடி உயரும் புகைபோக்கி, அதன் தலையில் மழைத்தொப்பி. மாதம் ஒருமுறை கரியைத் தட்டாவிட்டால் இழுவை குறைந்து புகை உள்ளே திரும்பும். கீற்றுக் கொட்டகையின் வழியே புகைபோக்கியை விடவே கூடாது.

ஈரம் எல்லாவற்றையும் கெடுக்கும். அடுப்பில் வைத்த கட்டையின் மறுமுனையில் நுரை கட்டி உஸ்ஸென்று சத்தம் வந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விறகு தன் தண்ணீரைத்தான் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி, இரண்டு மூன்று மாதம் காய வேண்டும். மேலே சொன்ன மெஸ்ஸுக்கு நல்ல அடுப்பில் நாளைக்கு 40 கிலோ, மாதம் 1,200 கிலோ. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே மூன்று மாதச் சரக்கை நனையாமல் வைக்க இடம் வேண்டும். விறகு தள்ள ஓர் ஆள், கரியேறிய பாத்திரம் துலக்கக் கூடுதல் நேரம், பக்கத்து வீட்டுக்காரரின் புகார் இவையெல்லாம் அந்த 6 ரூபாயின் மேல் ஏறும்.

யாருக்கு: ஊருக்கு வெளியே, பின்புறம் திறந்த இடமுள்ள, பெரிய அண்டாவில் மணிக்கணக்கில் வேகும் சமையல் நடக்கிற கடைக்கு.

## கழிவு எரிவாயு: எரிபொருளுக்காக அல்ல, குப்பைக்காக

மூடிய தொட்டியில் நாளைக்கு 25 கிலோ உணவுக்கழிவைப் போட்டு அழுகவிட்டால் இரண்டு முதல் இரண்டரை கன மீட்டர் எரியும் வாயு தரும். அது ஒரு கிலோ கேஸுக்கு ஈடு. 7.6 கிலோ கேஸ் எரிக்கும் கடைக்கு இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். “சிலிண்டரே வாங்க வேண்டாம்” என்று யாராவது விற்றால் இந்தக் கணக்கை எடுத்து நீட்டுங்கள். ஆனால் அந்த 25 கிலோ குப்பைமேட்டில் அழுகினால் மீத்தேன் வெளியாகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். அதைத் தடுப்பதுதான் இந்தத் தொட்டியின் உண்மையான பயன். பயன்படுத்தாத வாயுவைத் திறந்துவிட்டால் அந்தப் பயனும் போச்சு.

25 கிலோவுக்கு அதே அளவு தண்ணீர் கலந்து, 40 நாள் உள்ளே தங்க, 2,000 லிட்டர் தொட்டி வேண்டும். வெயில் படும் இடம் எட்டடிக்கு எட்டடி. முதலில் சாணக் கரைசலை நிரப்பி, எரியும் வாயு வரும்வரை இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, பிறகு நாளைக்கு இரண்டு மூன்று கிலோவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். அவசரப்பட்டு முதல் வாரமே வாளி வாளியாகக் கொட்டினால் உள்ளே புளித்துவிடும். புளிப்பு நாற்றம் வந்து தீ எரிய மறுத்தால் நாலைந்து நாள் கழிவு போடாமல் நிறுத்திச் சாணக் கரைசல் ஊற்றுங்கள்.

சோறு, குழம்பு, காய்த் தோல் போகலாம். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், எலும்பு, முட்டை ஓடு, பழைய எண்ணெய், பினாயில் கலந்த கழுவுநீர் போகக் கூடாது. மெஸ்ஸின் குப்பையில் பெரும்பகுதியான வாழை இலையும் இதற்கு ஆகாது. நார் மேலே மிதந்து ஆடைபோலக் கட்டிவிடும். இலையைத் தனியாகச் சேர்த்து மாட்டுக்கோ உரக்குழிக்கோ அனுப்புங்கள். வாயுக் குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு குழாய் வேண்டும், இல்லாவிட்டால் தீ விட்டு விட்டு எரியும். சாதாரண கேஸ் அடுப்பு சரிவராது, ஜெட் துளை பெரிதாக உள்ள அடுப்பு வேண்டும்.

நாளைக்கு 50 லிட்டர் உள்ளே போனால் கிட்டத்தட்ட 50 லிட்டர் கரைசல் வெளியே வரும். தோட்டமோ வயலோ பக்கத்தில் இருந்தால் அது நல்ல உரம். நகரத்தில் சாய்க்கடையில்தான் விட முடியும் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

யாருக்கு: சொந்த இடம், பக்கத்தில் நிலம், தினமும் அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்க ஓர் ஆள் உள்ளவர்களுக்கு.

## எப்படிப் பிரித்துக்கொள்வது

முழுச் சமையலறையையும் ஒரே அடுப்புக்கு மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் மாதம் 40 லிட்டர் சோதனை, ஜெட், மூடி, இரட்டைச் சிலிண்டர். அடுத்த மாதம் பாத்திரம் பாத்திரமாகக் கணக்கெடுங்கள்: எது எத்தனை மணிக்கு ஏறுகிறது, எவ்வளவு நேரம் எரிகிறது. நீரில் வேகிற ஒன்றிரண்டை மட்டும் ஒரே ஓர் இண்டக்‌ஷனில் மாற்றி, இரண்டு மாத மின்கட்டணம் வந்த பிறகு அடுத்ததை முடிவு செய்யுங்கள். தோசைக்கல்லும் வறுவல் கடாயும் கேஸிலேயே இருக்கட்டும்.

ஐந்தாவதாக ஒன்று, பாத்திரம் துலக்கவும் இட்லிக் கொப்பரைக்கும் கூரையில் ஒரு சூரிய வெந்நீர்த் தொட்டி. 100 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர நாளைக்குக் கிட்டத்தட்ட 600 கிராம் கேஸ் ஆகும். அது முழுக்க மிச்சம். உப்புத் தண்ணீர் ஊரில் கண்ணாடிக் குழாயில் உப்புப் படிவதால் ஆண்டுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். சமையலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டுமென்றால் எவர்சில்வர் தொட்டியாகக் கேளுங்கள்.

வாடகைக் கடையில் இருப்பவர்கள் எதைப் போட்டாலும், காலி செய்யும்போது கூடவே எடுத்துப்போக முடிவது எது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பும் பாத்திரமும் கூட வரும். ஒயரிங்கும் புகைபோக்கியும் கட்டிய தொட்டியும் வராது. கூரைத் தகட்டைக் கழற்றி மாட்டத் தனிச் செலவு உண்டு. வீட்டுக்காரரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கி, ஒப்பந்தம் குறைந்தது போட்ட பணம் திரும்பும் காலம் வரையாவது நீடிக்கும்படி செய்த பிறகு சுவரில் துளை போடுங்கள்.